காகிதம் மறைந்தாலும் கடமை மறையாது
(சுங்கை சோ வட்டாரத் தோட்ட மக்களிடையே வாகனமோட்டும் உரிமம் குறித்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பால் வெட்டி, பாலை நிறுத்துக் கொடுத்து, களைத்துத் திரும்பிய பின்னரும் இம்மண்டபத்தில் கூடியிருக்கின்றீர்கள். உங்கள் நேரத்தின் அருமையை நான் அறிவேன். என் தந்தையாரும் பால்மரக் காட்டிலே உழைத்தவர்தாம். ஆகவே நீட்டி முழக்காமல், உங்கள் பிழைப்போடு தொடர்புடைய ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு பேச விரும்புகிறேன். அதுதான் வாகனமோட்டும் உரிமம்; நீங்கள் 'லைசென்ஸ்' என்று சொல்வது.

எங்கள் லயத்து வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், பள்ளித் தேர்ச்சி அறிக்கைகள், சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றோடு, என் தந்தையாரின் மோட்டார் சைக்கிள் உரிமமும் அப்பெட்டியில்தான் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். பட்டணத்துக்குப் புறப்படும் நாளில் மட்டும் அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். திரும்பியதும் மீண்டும் பெட்டிக்குள் போய்விடும். அக்காகிதத்தைப் பொன்போல் காத்தாரேயொழிய, அதில் எழுதியிருந்த தேதியை அவர் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. இன்றும் நம் வீடுகள் பலவற்றில் இதே நிலைதான் என்று எண்ணுகிறேன்.

நம் நாட்டில் மோட்டார் வாகனங்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் இலாகா 1946ஆம் ஆண்டில் தோன்றியது. சாலைப் போக்குவரத்துக்கென 1958ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதற்குப் பதிலாக வந்ததுதான் 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம். அச்சட்டத்தை நிறைவேற்றி வரும் இலாகாவையே ஜே.பி.ஜே. என்று நாம் சுருக்கமாக அழைக்கிறோம். இத்தனை ஆண்டுகளில் உரிமத்தின் உருவம் பலமுறை மாறிவிட்டது. காகிதமாக இருந்தது; பின்னர் படம் ஒட்டி நெகிழி உறையிட்ட சீட்டானது; அதன் பின்னர் கெட்டியான நெகிழி அட்டையானது. 2023ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 10ஆம் நாள் முதல், கைத்தொலைபேசியில் தோன்றும் மின்னியல் உரிமமும் நடப்புக்கு வந்தது. 'மைஜேபிஜே' என்னும் செயலியில் பதிவு செய்துகொண்டால், உரிமமும் சாலை வரி விவரமும் திரையிலேயே தெரியும். அட்டையாகவே வேண்டும் என்போர் கட்டணம் செலுத்தி அதைப் பெற்றுக்கொள்ளவும் வழி வைக்கப்பட்டது.

இம்மாற்றம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் உரிம அட்டையோடு இணைத்து வழங்கப்பட்டு வந்த காகிதப் பகுதி 2015ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் செல்லாததாக்கப்பட்டது. அவ்விவரங்கள் யாவும் கணினிப் பதிவேட்டுக்கு மாறின. இந்தியாவிலும் அரசாங்கச் செயலியில் காட்டப்படும் உரிமத்தை அசலுக்கு ஒப்பாக ஏற்குமாறு 2018ஆம் ஆண்டில் மாநிலங்களுக்கு மத்திய அரசாங்கம் அறிவுறுத்தியது.

இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்ள வேண்டிய அடிப்படை உண்மை ஒன்று உண்டு. உரிமம் என்பது காகிதமன்று, அட்டையுமன்று. இலாகாவின் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு நேரே உள்ள பதிவுதான் உரிமம். காகிதமும் அட்டையும் கைத்தொலைபேசித் திரையும் அப்பதிவின் நிழல்கள். நிழல் அழகாக இருந்து பயனில்லை. பதிவு உயிரோடு இருக்க வேண்டும்.

இதை ஓர் உண்மை நிகழ்ச்சியால் விளக்குகிறேன். எனக்கு நன்கு அறிமுகமான ஒரு தோட்டத் தொழிலாளி, இருபது ஆண்டுகளுக்கு மேல் வாகனம் ஓட்டியவர். ஒரு விபத்தும் அறியாதவர். ரப்பர் விலை சரிந்திருந்த ஒரு காலத்தில், பக்கத்துப் பட்டணத்தில் அவருக்கு வேன் ஓட்டும் வேலை கிடைப்பதாக இருந்தது. மாதச் சம்பளம், ஓய்வு நாள், பிள்ளைகளைப் பட்டணத்துப் பள்ளியில் சேர்க்கும் வாய்ப்பு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. உரிமத்தைக் கேட்டார்கள். அவரும் பெருமையோடு பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அது காலாவதியாகி நான்கு ஆண்டுகளாகியிருந்தது.

உரிமம் காலாவதியாகி மூன்று ஆண்டுகளைக் கடந்துவிட்டால் அதைச் சாதாரணமாகப் புதுப்பிக்க இயலாது. மீண்டும் தொடக்கத்திலிருந்து பாடமும் தேர்வும் முடித்தாக வேண்டும். அவர் 'எல்' அட்டை மாட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போய் வருவதற்குள் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. "இருபது வருஷம் ஓட்டின கைக்கு மறுபடியும் எல் அட்டையா?" என்று அவருடைய மனைவியார் என்னிடம் கேட்டபோது, எனக்கு மறுமொழி தோன்றவில்லை. சட்டத்தில் குறையில்லை, அவர் கையின் திறமையிலும் குறையில்லை. ஒரு தேதியைப் பாராததால் ஒரு குடும்பத்தின் வழி அடைபட்டது. அந்த அம்மையாரின் கேள்விதான் இன்று என்னை உங்கள் முன் நிறுத்தியிருக்கிறது.

ஆகவே முதற்கண் தேதியைப் பாருங்கள். முழு உரிமத்தை ஓராண்டு முதல் பத்தாண்டு வரை புதுப்பித்துக்கொள்ளலாம். மோட்டார் சைக்கிளுக்கு ஆண்டுக்கு 20 வெள்ளியும், காருக்கு 30 வெள்ளியும் கட்டணமாகும். கையில் பணமிருக்கும் மாதத்தில் சில ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டிவிடுவது நல்லது. ஜே.பி.ஜே. கிளைக்கே போக வேண்டுமென்பதில்லை. அஞ்சலகத்திலும் செயலி வழியாகவும் புதுப்பிக்கலாம். காலாவதியான உரிமத்தோடு ஓட்டுவது, அது ஒரு நாளாயினும், குற்றமே என்பதை மறவாதீர்கள். இளைஞர்களுக்கு இன்னொரு சொல். புதிதாகத் தேர்வடைந்தவர்க்கு வழங்கப்படும் 'பி' உரிமம் ஈராண்டுக்கு உரியது. அக்காலம் முடிந்ததும் அது தானாக முழு உரிமமாகிவிடாது. நீங்கள் சென்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவதாக, கைத்தொலைபேசி பற்றிய ஐயம். சென்ற கூட்டமொன்றில் ஒரு தாயார் எழுந்து, "ஐயா, எங்க வீட்டுக்காரர்கிட்ட பட்டன் போன்தான் இருக்குது. அவர் இனிமே வண்டி ஓட்டக்கூடாதா?" என்று வினவினார். அறிவார்ந்த கேள்வி. தாராளமாக ஓட்டலாம். செயலி ஒரு வசதியே தவிர, நவீன கைத்தொலைபேசி வாங்க வேண்டுமென்ற கட்டளையன்று. அடையாள அட்டை எண்ணைக் கொண்டு அதிகாரிகள் பதிவேட்டைச் சரிபார்க்க இயலும். எனினும் அத்தகைய பெரியவர்கள் அட்டையையும் வைத்திருப்பது மனத்துக்கு நிம்மதி. எல்லை கடந்து தாய்லாந்துக்கோ சிங்கப்பூருக்கோ ஓட்டிச் செல்வோரும் அட்டையையே கொண்டு செல்லுங்கள். ஆசியான் நாடுகள் ஒன்று மற்றொன்றின் உரிமத்தை ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தம் 1985ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் கையெழுத்தானது என்றாலும், அயல்நாட்டுக் காவலர் நம் செயலியை அறிந்திருப்பார் என்று எதிர்பார்க்க இயலாது.

தோட்ட லாரி, வேன் ஓட்டுவோர்க்கு ஒரு குறிப்பு. 2023இல் சாலை வரி வில்லையை ஒட்டத் தேவையில்லை என்று அறிவிக்கப்பட்டபோது, முதற்கட்டமாக அச்சலுகை குடிமக்களின் சொந்தக் கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்குமே வழங்கப்பட்டது. நிறுவனத்தின் வாகனம் அதில் அடங்கவில்லை. ஆகவே நிர்வாகத்துக்குச் சொந்தமான வாகனத்தை எடுக்குமுன், அதன் பத்திரங்கள் முறையாக உள்ளனவா என்று கிராணியாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவதாக, உரிமத்தின் வகுப்பு. எல்லா உரிமமும் எல்லா வாகனத்துக்கும் பொருந்தாது. 'பி2' என்பது 250 சி.சி. வரையிலான மோட்டார் சைக்கிளுக்கு உரியது. 'டி' காருக்கு உரியது. 'டிஏ' தானியங்கிக் காருக்கு மட்டுமே உரியது. அதை வைத்துக்கொண்டு கியர் மாற்றும் வேனை ஓட்டக்கூடாது. இலகு ரகச் சக்கர டிராக்டருக்கு 'எஃப்', கன ரகத்துக்கு 'எச்' என்று தனி வகுப்புகள் உள்ளன. "டிராக்டர் ஓட்ட ஆளில்லை, நீ எடு" என்று மேலே உள்ளவர் சொன்னாலும், உங்களிடம் அவ்வகுப்பு இல்லையென்றால் பணிவோடு மறுத்துவிடுங்கள்.

நான்காவதாகச் சொல்லப்போவது, பெற்றோர்கள் ஊன்றிக் கேட்க வேண்டியது. "தோட்டத்துச் சாலைதானே, லைசென்ஸ் எதற்கு?" என்ற பேச்சு நம்மிடையே உண்டு. சட்டத்தின்படி, பொதுச் சாலை மட்டும் சாலையன்று. பொதுமக்கள் வந்துபோகும் வேறெந்தச் சாலையும் சாலையே. கோவிலுக்கும் பள்ளிக்கும் கடைக்கும் மக்கள் போய்வரும் தோட்டத்துச் செம்மண் பாதையையும் சட்டம் சாலையாகவே கொள்ளக்கூடும். மேலும், உரிமமில்லாதவன் ஓட்டுவது மட்டும் குற்றமன்று. அவனை ஓட்ட அனுமதிப்பதும் குற்றமே. மகனிடம் சாவியை நீட்டும் தந்தையின் கையும் அதில் அடங்கும். பதினாறு வயது நிரம்பாத பிள்ளை எந்த மோட்டார் வாகனத்தையும் ஓட்டக்கூடாது. பதினேழு நிரம்பாதவன் காரைத் தொடக்கூடாது.

சுங்கை சோ ஊர் ரவாங்குக்கும் சிரெண்டாவுக்கும் இடையே, பழைய ஈப்போ நெடுஞ்சாலையின்மேல் அமைந்துள்ளது. கனரக லாரிகள் ஓயாமல் ஓடும் சாலை அது. தோட்டத்துப் பாதை முடிந்து அந்நெடுஞ்சாலை தொடங்கும் இடத்தில், பிள்ளையின் கை தானாக நின்றுவிடாது. ஒருபோதும் உரிமம் பெறாத ஒருவன் ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்புறுதி நிறுவனம் பொறுப்பை மறுக்க இடமுண்டு. அடிபட்டவர்க்குக் கொடுத்த தொகையை வாகனக்காரரிடமே திரும்பக் கேட்கவும் கூடும். நம் வாழ்நாள் சேமிப்பு அதற்கு ஈடாகுமா? சேமிப்பையாவது மீண்டும் சேர்க்கலாம். பிள்ளையை மீண்டும் பெற முடியுமா?

பையனைத் தடுப்பதோடு நம் வேலை முடிந்துவிடவில்லை. பதினாறு வயது நிரம்பியவுடன் அவனை முறையாகப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்புங்கள். செலவைக் கண்டு தயங்குவோர் உண்டு. குறைந்த வருமானமுடைய குடும்பத்து இளைஞர்கள் இலவசமாக 'பி2' உரிமம் பெறுவதற்கென 'மைலெசன் பி2' என்ற திட்டத்தை அரசாங்கம் நடத்தியுள்ளது. இத்தகைய வாய்ப்பு அறிவிக்கப்படும்போதெல்லாம் விண்ணப்பிக்கத் தவறாதீர்கள்.

இறுதியாக, ஏமாற்றுக்காரர்கள். தேர்வு எழுதாமலே உரிமம் வாங்கித் தருவதாகத் தரகர் எவரேனும் தோட்டத்துக்குள் வந்தால், அவரிடம் ஒரு காசும் கொடாதீர்கள். அத்தகைய உரிமத்தை 'லெசன் தெர்பாங்', அதாவது பறக்கும் உரிமம் என்பார்கள். பெயருக்கேற்ப அது பணத்தோடு பறந்துவிடும். வாங்கியவரும் குற்றவாளியாக நிற்க நேரும். இப்போது தரகர் லயத்துக்கு வருவதுமில்லை, கைத்தொலைபேசிக்கே வந்துவிடுகிறார். "உங்கள் பேரில் சம்மன் உள்ளது, இக்கோப்பைத் திறவுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் திறவாதீர்கள். திறந்தால் வங்கிக் கணக்கே காலியாகலாம். மைஜேபிஜே செயலியைக் கைத்தொலைபேசியின் அதிகாரபூர்வச் செயலிக் கடையிலிருந்து மட்டுமே பதிவிறக்குங்கள். விளங்காவிட்டால், நம்பிக்கைக்குரிய படித்த பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். கடவுச் சொல்லை மட்டும் எவரிடமும் சொல்லாதீர்கள்.

அன்பர்களே! நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவன். வீட்டுப்பாடம் கொடாமல் வகுப்பைக் கலைக்க எனக்கு மனம் வராது. இந்த ஞாயிற்றுக்கிழமை, பகலுணவுக்குப் பின் உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறவுங்கள். வீட்டிலுள்ள ஒவ்வோர் உரிமத்தையும் எடுத்து, முடிவு தேதி என்ன, வகுப்பு என்ன என்று பாருங்கள். எழுத்தறிந்த பிள்ளையை விட்டு அத்தேதிகளை நாள்காட்டியின் பின்புறம் பெரிய எழுத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். காலாவதியாகி மூன்றாண்டு ஆகாதது எதுவும் இருந்தால், மறுநாளே அஞ்சலகத்துக்குச் செல்லுங்கள். அதுவரை வண்டியைத் தொடாதீர்கள்.

அரை மணி நேர வேலைதான். அந்த அரை மணி நேரத்தை ஒதுக்கியிருந்தால், நான் சொன்ன அந்த நண்பர் இன்று பட்டணத்தில் வேன் ஓட்டிக்கொண்டிருப்பார். உங்கள் வீட்டில் அக்குறை நேராதிருக்கட்டும்.