மரப்பாச்சி: பெட்டியிலா, பிள்ளை கையிலா?



கொலுவில் முதலிடம் பெறும் மரப்பாச்சி இணையைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறோம். திருப்பதிக் கடைவீதியில் ராஜா ராணி என விற்கும் அவ்விணை, மணப்பெண்ணுக்குச் சீராக வந்த காலம் உண்டு. சேஷாசலக் காடுகளின் செம்மரமே அதற்குரியது. அருகிவரும் அம்மரம் 1995இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டது. இன்று வேறு மரங்களிலும் செய்கின்றனர். ஆதலின் பழைய இணையை உடையோர் அதைத் துணியில் சுற்றிப் பூட்டிவைத்தல் வியப்பன்று. அமெரிக்காவில் 1978இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ பொம்மைகளுக்கும் உறை பிரியாதிருந்தால்தான் பெருவிலை.

ஆயினும் மரப்பாச்சி உறையில் பிறந்ததன்று. பெரும்பாலும் ஆடையின்றியே கடைக்கு வரும். உடுத்துவதும் பொட்டிடுவதும் வீட்டுப் பெண்மக்களுக்கென விடப்பட்ட வேலை.

நம் அன்னையார் சீராகக் கொணர்ந்த இணைக்கு ஆண்டில் ஒன்பது நாளே வெளிச்சம். மற்ற நாளெல்லாம் டிரங்குப் பெட்டி. மூத்த மகள் எட்டு வயதில் விளையாடக் கேட்டாள். “உடைந்துவிடும்” என்றோம். செம்மரமாவது, உடைவதாவது! பார்சல் அலுவலகத்தில் முத்திரை காத்த பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது போலும். பிறகு அவள் கேட்கவேயில்லை. சென்ற ஆண்டு கொலு வைக்க அழைத்தபோது, “உங்கள் பொம்மைதானே அப்பா, நீங்களே வையுங்கள்” என்றாள்.

இளையவளுக்கு ஆறு வயது. இவ்வாண்டு விசயதசமி கழிந்தும் பெட்டியைப் பூட்டவில்லை. ராணியின் மூக்கு சற்றே தேய்ந்திருக்கிறது. ராஜாவுக்கு நம் பழைய கைக்குட்டையில் ஒரு வேட்டி. தைத்துக் கொடுத்தவள் மூத்தவள்.