கதையும் படமும் கண்மாய்க் கரையும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்திற்கான பிரசங்கம்)



கண்மாய்க் கரை உடையாதிருக்கவும் வரத்துக் கால்வாய் தூராதிருக்கவும் என்ன செய்யவேண்டுமென்பதை அறியாதவர் நம்மில் ஒருவருமில்லை. மழைக்கு முன் கால்வாயை வெட்டவேண்டும். மடையையும் கலுங்கையும் செப்பனிடவேண்டும். கரை தாழ்ந்த இடத்தில் மண் போடவேண்டும். இவ்வளவு தெரிந்திருந்தும் பல ஊர்களில் வேலை நடப்பதில்லை. அதற்குக் காரணம் அறியாமையன்று. "என் ஒருவன் பங்கு நின்றால் என்ன குறைந்துவிடும்?" என்று ஒவ்வொருவரும் எண்ணுவதே காரணம். இவ்வெண்ணத்தைச் சுற்றறிக்கையாலும் புள்ளிவிவரத்தாலும் மாற்றுவது அரிது. கதையினாலும் படத்தினாலும் மாற்றலாம். அதற்கு நமது மதுரையே அத்தாட்சி.

பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்தில் வரும் மண் சுமந்த கதையை நீங்கள் யாவரும் கேட்டிருப்பீர்கள். வைகையில் வெள்ளம் பெருகிக் கரை உடைந்தது. ஊரார் தத்தம் பங்கை அடைக்கவேண்டுமென்று பாண்டியன் கட்டளையிட்டான். பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் கிழவிக்கு அனுப்ப ஆளில்லை. இறைவன் கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டையே கூலியாகப் பெற்று உண்டு, வேலையைச் செய்யாமல் ஆடியும் உறங்கியும் பொழுதைப் போக்கினான். அரசன் பிரம்பால் அடித்தான். அவ்வடி அரசன் மீதும் சகல உயிர்கள் மீதும் பட்டது. கூலியாள் ஒரு கூடை மண்ணை உடைப்பிற் கொட்டி மறைந்தான், கரை அடைபட்டது.

இக்கதையை ஏட்டிற் படித்தறிந்தவர் சிலரே. கண்ணாற் கண்டறிந்தவர் அநேகர். ஆவணி மூலத் திருவிழாவில் வருஷந்தோறும் இது நடத்திக் காட்டப்படுகிறது. மீனாட்சியம்மன் கோவிலில் பொற்றாமரைக் குளத்தைச் சுற்றிய மண்டபச் சுவர்களில் திருவிளையாடல்கள் சித்திரங்களாகத் தீட்டப்பட்டிருந்தன. எழுத்தறியாதவர்களும் அவற்றைப் பார்த்துத் தம் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல இயன்றது.

பக்தியோடு கேட்கும் இக்கதையில் நீர்ப் பராமரிப்புக்கான மூன்று நியாயங்கள் அடங்கியுள்ளன. முதலாவது, நூறு பேர் தம் பங்கை அடைத்தாலும் வந்தியின் சிறு பங்கு திறந்திருந்தால் வெள்ளம் அவ்வழியே ஊருக்குள் வரும். தண்ணீர் பட்டா பார்த்துப் பாய்வதில்லை. இரண்டாவது, ஒருவன் முதுகில் விழுந்த அடி எல்லோர் முதுகிலும் விழுந்தது. கால்வாயில் ஒருவர் செய்யும் ஆக்கிரமிப்பால் கடைமடைக்காரரின் பயிர் காய்வதும் அத்தகையதே. மூன்றாவது, ஆளில்லாத கிழவிக்கும் ஆள் நிறைந்த வீட்டுக்கும் ஒரே கட்டளை என்பது பார்வைக்குச் சமம், உண்மையில் சமமன்று. சக்தியறிந்து பங்கு வகுக்கவேண்டுமென்பதைக் கதை நமக்கு நினைவூட்டுகிறது.

கட்டளையின் பலத்தை மட்டும் நம்பியதன் பலனையும் சரித்திரத்திற் காணலாம். சென்னை மாகாணத்தில் 1858-ம் வருஷத்துக் கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடையுங் காலத்தில் குடிகளை வேலைக்கு அழைக்கவும், வழக்கமான குடிமராமத்தைச் செய்யாதவரிடம் செலவை வசூலிக்கவும் இடங்கொடுத்தது. அப்படியிருந்தும் குடிமராமத்து நாளடைவில் நலிந்தே போயிற்று. 2017-ம் வருஷத்தில் தமிழ்நாட்டு அரசாங்கம் அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மதுரையில் 1997-ல் நிறுவப்பட்ட தானம் அறக்கட்டளையும் கண்மாய்ப் பாசனக்காரரை வயலகம் என்னும் சங்கங்களாகச் சேர்த்து வந்திருக்கிறது. பணமும் திட்டமும் வெளியிலிருந்து வரலாம். "இது என் பங்கு" என்னும் எண்ணம் ஊருக்குள்ளேதான் பிறக்கவேண்டும்.

ஆகையால் ஒவ்வொரு சங்கமும் ஐப்பசி மழைக்கு முன் செய்யத்தக்க சில காரியங்களைச் சொல்லுகிறேன்.

கண்மாயின் படத்தை ஊராரே வரையட்டும். அச்சிட்ட படம் வேண்டுவதில்லை. சாவடி முற்றத்திற் கோலப்பொடியால் கரை, மடை, கலுங்கு, வரத்துக் கால்வாய் ஆகியவற்றை இடலாம். கோலமிடும் பெண்களின் கை இதற்கு மிகவும் தகுந்தது. நீர்பாய்ச்சுகிறவரும் ஆடு மேய்ப்பவரும், எங்கே தூர்ந்திருக்கிறது, எங்கே கருவேல் மண்டியிருக்கிறது என்று காட்டட்டும். ஊராரே தரையில் வரைபடம் இடும் இம்முறை 1990-க்குப் பின் இந்தியாவின் பல பாகங்களிற் கையாளப்பட்டு வந்துள்ளது. தாமே வரைந்த படத்தை ஒருவரும் மறுத்துரையார்.

பின்னர் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கொண்டு அக்கண்மாயின் கதையைச் சொல்லச் செய்யுங்கள். கரைமேல் ஐயனார் எழுந்தருளியிருக்கும் ஊர்களிற் புரவியெடுப்பு நாளே அதற்கு ஏற்ற தருணம். மண்ணாற் செய்த குதிரையைச் சுமந்து செல்லும் ஜனங்களுக்கு, கரைக்கும் மண் வேண்டுமென்று சொல்ல அதிக வார்த்தை தேவையில்லை.

கதை முடிந்த அன்றே வேலையையும் குறித்துவிடுங்கள். இன்ன வீட்டார் இன்ன நாளில் இத்தனை முழம் என்று படத்திலேயே எழுதலாம். வேலையைத் தொடராத கதை, நடவைத் தொடராத உழவு போன்றது.

இரண்டு விஷயங்களில் எச்சரிக்கை வேண்டும். மிகைப்படுத்திச் சொல்லவேண்டாம், ஒரு பொய் வெளிப்பட்டால் உண்மையையும் ஜனங்கள் நம்பார். ஆக்கிரமித்தவர் பெயரைப் படத்தில் எழுதி அவமானப்படுத்தவும் வேண்டாம். இடத்தைக் காட்டினாற் போதும், பேசித் தீர்க்க வழியிருக்கும்.

கடைசியாக ஒன்று. நிலமுள்ளவருக்குத் தண்ணீர், நிலமில்லாதவருக்கு மண்கூடை என்ற ஏற்பாடு நிலைக்காது. வந்தி தன் ஆளுக்குப் பிட்டாவது கொடுத்தாள். சங்க விதிகள் இடங்கொடுக்குமாயின், பொதுநல நிதியிலிருந்து வேலை செய்வோருக்குக் கூலியும் உணவும் அளிக்கத் தீர்மானியுங்கள். அத்தீர்மானத்தை அடுத்த மகாசபைக் கூட்டத்தின் முதல் விஷயமாக வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.