மாஞ்சோலை மழையும் வங்கக் கடலின் மேல்நீரும்



ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானிலைத் துறையின் மழைப் பட்டியலைப் பாருங்கள். ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலை என்ற நம் நெல்லை மலையூர்கள் பல நாள் அதன் முன்வரிசையில் நிற்கும். 2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டதையும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதையும் நாம் மறக்கவில்லை. அந்த ஈரத்தில் பெரும்பகுதியைக் கடல் தந்தது. எவ்வளவு தரும் என்பதில் மேல்நீரின் வெப்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த வெப்பமோ மேல்நீரும் கீழ்நீரும் கலப்பதையும் பொறுத்தது. ஆகவே, கடல்நீர் கலப்பதை அளப்பது நெல்லைச் சீமையின் காரியமும்தான். இதைச் சொல்லவே வந்தேன்.

கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி ஆறுகளின் வெள்ளமும் பருவமழையும் வங்கக் கடலில் உப்புநீருக்கு மேல் நன்னீராகப் பரவுகின்றன. வடக்கே அந்த அடுக்கு சில இடங்களில் பத்து மீட்டர்கூட இராது. கனம் குறைந்த நீர் மேலே இருப்பதால் காற்று அடித்தாலும் எளிதில் கலக்காது. பொதுவாகப் புயல் கடந்தால் குளிர்ந்த நீர் மேலே வரும், கடல் ஆறும். ஆனால் பருவமழைக்குப் பின் வட வங்கக் கடலில் அப்படிக் குளிர்வதில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தேபாசிஸ் சென்குப்தாவும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் காட்டினார்கள்.

நீர் கலப்பதை எப்படி அளக்கிறார்கள்? கப்பலிலிருந்து ஒல்லியான, நீண்ட கருவி ஒன்றை இறக்குவார்கள். வடத்தைத் தளர்த்தியே விட வேண்டும். இறுகினால் கப்பலின் ஆட்டமும் பதிவாகிவிடும். கருவி மெல்லத் தானே விழும்போது, அதன் முனையிலுள்ள உணரி சென்டிமீட்டர் அளவுச் சுழிகளின் பக்கவாட்டுத் தள்ளலைப் பதியும். பெரிய சுழி சிறு சுழிகளாக உடைந்து, நீரின் பாகுத்தன்மையால் கடைசியில் வெப்பமாகிறது. ஆற்றல் அப்படிக் கரையும் வேகத்தைக் கொண்டே கலப்பின் அளவைக் கணக்கிடுகிறார்கள். அமைதியான நீரில் அந்த வேகம் கிலோவுக்கு ஒரு வாட்டின் ஏறக்குறைய நூறு கோடியில் ஒரு பங்கு. காற்று ஓங்கும் மேல்நீரில் ஆயிரம் மடங்கும் ஏறும்.

இப்படித் தாவும் அளவை ஒருமுறை இறக்கிப் பார்த்து முடிவு சொல்ல இயலாது. அதனால்தான் இந்திய, அமெரிக்க, இலங்கை ஆய்வாளர்கள் 2013 முதல் பல பயணங்களாக வங்கக் கடலில் அளந்தார்கள். சென்னையின் ‘சாகர் நிதி’, அமெரிக்காவின் ‘ரோஜர் ரெவெல்’ ஆகிய ஆய்வுக் கப்பல்கள் இதில் ஈடுபட்டன. 2014 டிசம்பரில் 18 டிகிரி வட அட்சத்தில் நங்கூரமிட்ட மிதவை, ஓராண்டுக்கு மேல் காற்று, வெப்பம், உப்பு மூன்றையும் விடாமல் பதிந்தது.

மழையை முன்கணிக்கும் கணினி மாதிரிகளுக்குச் சென்டிமீட்டர் சுழிகள் தெரியாது. சூத்திரங்களால் அவற்றை ஈடுகட்டுகின்றன. அந்தச் சூத்திரங்களுக்கு உரைகல் இத்தகைய அளவீடுகளே. எனவே தென் வங்கக் கடலிலும், தாமிரபரணி சேரும் மன்னார் வளைகுடாவிலும் இவை ஆண்டுதோறும் தொடர வேண்டும். இயற்பியலும் கணிதமும் படிக்கும் நம் பிள்ளைகள், கடலறிந்த புன்னைக்காயல் மீனவர் வீட்டுப் பிள்ளைகள், இந்தத் துறைக்கு வர வேண்டும். ஆண்டுக்கு ஒரு மாணவரையேனும் ஆய்வுக் கப்பலில் ஏற்ற, இந்தக் கூட்டத்தை நடத்தும் அறக்கட்டளை துணை நிற்க வேண்டுகிறேன்.