அடிமை யுத்தமும் ஆண்டவன் சித்தமும்



யுத்தத்தில் ஜெயித்தவன் கடவுள் கிருபையால் ஜெயித்தேன் என்கிறான். தோற்றவன் கடவுள் சித்தம் இப்படி என்கிறான். இருவரும் ஒரே கடவுளைக் கும்பிடுகிறவர்களாயிருந்தால் அந்தக் கடவுளின் யோக்கியதை என்ன என்று நாம் யோசிக்க வேண்டாமா? 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த உள்நாட்டு யுத்தம் இதற்கு நல்ல உதாரணமாகும். படை நடத்திய சேனாதிபதிகளின் அநுபவத்தைக் கொண்டே இதைப் பார்ப்போம்.

யுத்தம் எதற்காக வந்தது? அந்நாட்டில் சுமார் 40 லட்சம் கறுப்பு மக்கள் அடிமைகளாயிருந்தார்கள். தாயை ஒருவனுக்கும் பிள்ளையை ஒருவனுக்குமாக மாடு விற்பதுபோல் விற்றார்கள். இந்த வியாபாரம் கெட்டுவிடக் கூடாதென்றே தெற்கிலுள்ள 11 மாகாணங்கள் பிரிந்து போயின. நோவா தன் பேரன் கானானைச் சபித்த கதையைக் காட்டி, அடிமைத்தனம் ஆண்டவன் கட்டளை என்று தெற்கத்திப் பாதிரிகள் பிரசங்கம் செய்தார்கள். வடக்கே பலர் அதே பைபிளைக் காட்டி அது பாவம் என்றார்கள். இரு தரப்பாரும் ஒரே வேதத்தைப் படித்து ஒரே கடவுளை வேண்டுகிறார்கள், இருவர் வேண்டுதலும் பலிக்க முடியாது என்று லிங்கனே 1865 மார்ச் 4-ந் தேதி பேசும்படி நேர்ந்தது.

இனி சேனாதிபதிகளுக்கு வருவோம். தெற்கில் ஜாக்சன் என்றொருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமையில் பயணமாகும் கடிதத்தைத் தபாலில் கூடப் போடமாட்டார், அவ்வளவு பக்தி. ஒவ்வொரு ஜெயத்தையும் கடவுள் கணக்கிலேயே எழுதினார். 1863 மே 2-ந் தேதி சான்சலர்ஸ்வில் என்னுமிடத்தில் எதிரியின் பக்கவாட்டில் பாய்ந்து பெரும் படையைச் சிதறடித்தார். அன்றிரவு முன்னணிக்கு அப்பால் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியவரை, எதிரி என்று நினைத்து அவர் சிப்பாய்களே சுட்டுவிட்டார்கள். இடது கை போயிற்று; எட்டாம் நாள் உயிரும் போயிற்று. கடவுள் சித்தம் என்றார்கள். தோழர்களே! இருட்டும், அவசரமும், தங்கள் தலைவர் வெளியே போயிருப்பது காவல் படைக்குத் தெரியாததும் போதாதா? இதில் கடவுளுக்கு என்ன வேலை?

அவருக்கு மேலதிகாரி லீ. 1863 ஜூலை 3-ந் தேதி கெட்டிஸ்பர்க்கில், உடனிருந்த தளபதி லாங்ஸ்ட்ரீட் வேண்டாமென்று சொல்லியும் கேளாமல், சுமார் 12,000 பேரைத் திறந்த வெளியில் முக்கால் மைல் தூரம் பீரங்கிகளுக்கு எதிரே நடக்கவிட்டார். பாதிக்கு மேற்பட்டவர்கள் செத்தும், காயம்பட்டும், சிறைப்பட்டும் போனார்கள். திரும்பி வந்தவர்களிடம், குற்றமெல்லாம் தன்னுடையதே என்று லீ சொன்னார். அது யோக்கியமான பேச்சு. ஆனால் ஆறு வாரத்திற்குள் அவர் பிறப்பித்த உத்தரவு என்ன? நாமெல்லோரும் ஆண்டவனுக்கு விரோதமாகப் பாவம் செய்துவிட்டோம். ஆகஸ்டு 21-ந் தேதி உபவாசமிருந்து ஜெபம் செய்யுங்கள் என்பது. தளபதியின் தவறு சிப்பாயின் பாவமாக மாறிவிட்டது! அந்தப் பாவப் பட்டியலில் கர்வம் இருந்தது, பழிவாங்கும் புத்தி இருந்தது. மனிதனை மனிதன் விற்ற பாவம் மட்டும் இல்லை!

வடக்கத்தியார் மட்டும் உத்தமர்களா? 1864 ஜூன் 3-ந் தேதி கோல்ட் ஹார்பரில் கிராண்ட் என்னும் சேனாதிபதி, அகழிக்குள் பதுங்கியிருந்த எதிரி மீது படையை ஏவினார். ஒரு மணி நேரத்திற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் விழுந்தார்கள். காயம்பட்டவர்கள் இரு படைக்கும் நடுவே வெயிலில் தண்ணீருக்குத் தவித்தார்கள். சமாதானக் கொடி பிடித்துக் கேட்டால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகும் என்று ஒருவருக்குக் கௌரவம். முறைப்படி கேட்டால்தான் ஆயிற்று என்று மற்றவருக்குக் கௌரவம். கடிதம் போய்க் கடிதம் வந்து 7-ந் தேதி எடுக்கப் போனபோது உயிரோடு கிடைத்தவர்கள் மிகச் சிலரே. இரண்டு முகாமிலும் ஜெபம் நடந்தது. ஒரு குவளைத் தண்ணீர் கொடுக்க எந்தத் தேவதூதனும் வரவில்லை!

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 1885-ல் தொண்டைப் புற்றுநோயால் செத்துக்கொண்டிருந்த கிராண்ட், தம் சரித்திரத்தில் அந்தத் தாக்குதலுக்காக எப்போதும் வருந்தியதாக எழுதினார். பழியை மேலே தள்ளவில்லை. மனிதன் தவறை மனிதன் ஒப்புக்கொண்டால்தான் அடுத்த தவறு குறையும்.

வடக்கு ஜெயித்தது எதனால்? தொழிற்சாலை, ரயில், கப்பல், ஆள்பலம் இவற்றால். அடிமையாயிருந்தவர்களும் சேர்ந்து சுமார் 1,80,000 கறுப்பர்கள் துப்பாக்கி ஏந்தி வடக்கத்திப் படையில் நின்றதால். 6 லட்சத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போன பிறகு 1865 டிசம்பரில் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. ஆயினும் ஒதுக்கி வைக்கும் கொடுமை வேறு உருவில் வந்து, 1964-ல் சட்டம் வரும் வரை பொது இடங்களில் தாண்டவமாடியது.

இது யாரோ ஊர்க் கதை என்று நினைக்காதீர்கள். பூனாவில் ஜோதிராவ் புலே 1873-ல், பிறவி இழிவைக் கண்டித்து எழுதிய "குலாம்கிரி" என்ற புத்தகத்தை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். சபித்த கதையாலும் சரி, பிறந்த இடம் சொல்லும் கதையாலும் சரி, ஒருவனைக் கீழே வைப்பது ஒரே பித்தலாட்டம் என்று அவர் கண்டுகொண்டார்.

ஆகவே தோழர்களே! கஷ்டம் வந்தால் கடவுள் சித்தம் என்று உங்களிடம் எவனாவது சொன்னால், உத்தரவு போட்டது யார், லாபம் அடைந்தது யார் என்று திருப்பிக் கேளுங்கள்.