வழக்குக்கு முன்னால் ஒரு தொழில்

ராஜபாளையத்தில் நூற்பாலை, சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி, ஸ்ரீவில்லிபுத்தூரில் கைத்தறி: இத்தனை இருக்க, படிப்பை நிறுத்திய பையனுக்கு வேலைக்கென்ன பஞ்சம் என்று கேட்கலாம். அறுந்த இழையை முடியத் தெரிந்தால் அன்றைய கூலி கிடைக்கும். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துக் காயில் கட்டத் தெரிந்தால்தான் நாளையின் மேல் நம்பிக்கை வரும். அப்படி ஒரு தொழிலைக் கற்பது குற்றத்தைத் தடுக்குமா? அமெரிக்காவின் ‘ஜாப் கார்ப்ஸ்’ தொழிற்பயிற்சியில் குலுக்கல் முறையில் இடம் கிடைத்துச் சேர்ந்த 16 முதல் 24 வயதினரிடையே, இடம் கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால், நான்கு ஆண்டுகளில் கைதானவர்கள் சுமார் 16 சதவீதம் குறைவு. பயிற்சிக் காலத்தில்தான் அந்தக் குறைவு அதிகம், பையன்களைக் கட்டிப்போட்ட பலன்தானே என்பார்கள். இருக்கட்டுமே! 17 வயதில் ஒரு வழக்கு விழாமல் இருப்பதே பெரிய காரியம். 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம், தவறிய பிள்ளைக்கும் திறன் பயிற்சி தரச் சொல்கிறது. தவறும் முன்பே தருவதுதான் முறை. ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் பிரிவுகளில் சேர எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும்.