சோற்றில் உப்பு: ஸோம்பி காதல் கதை படிக்கும் பிள்ளைகள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றுக்கான உரை)



வார விடுமுறை முடிந்து சுங்கை பெசாரிலிருந்து கிள்ளானுக்கு வேலைக்குத் திரும்பும் ஓர் இளம்பெண்ணை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். தீபாவளிச் சாமான் வாங்க அம்மாவும் கூட வருகிறார். பேருந்து சிகிஞ்சான், தஞ்சோங் காராங், கோல சிலாங்கூர் என்று போய்க்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் நெல்வயல், கொஞ்ச தூரம் போனால் செம்பனை. மகள் சன்னல் பக்கமே திரும்பவில்லை. கைத்தொலைபேசியில் ஆங்கில நாவல். அதுவும் ஒரு தொடரின் மூன்றாம் பாகம்.

"என்ன கதை படிக்கிற?" என்று அம்மா கேட்கிறார்.

"உலகமே அழிஞ்சு போச்சும்மா. செத்தவங்க எல்லாம் எழுந்து நடக்கிறாங்க. அதுல ஒருத்தனுக்கு ஒரு பொண்ணு மேல காதல்."

சிரிப்பதா கோபப்படுவதா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. "படிச்ச பிள்ளை படிக்கிற புத்தகமா இது?" என்கிறார். மகள் பதில் சொல்லவில்லை. தொலைபேசியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்துக்கொள்கிறாள், அவ்வளவுதான்.

இந்த அம்மாவும் மகளும் எந்தப் பேருந்திலும் இருக்கலாம். அம்மாவின் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் தம் இளமைக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். தோட்டத்து லயன் வீடுகளில் ராணிமுத்து, ராஜேஷ்குமார், ரமணிசந்திரன் என்று மாத நாவல்கள் கை மாறிப் போன காலம் அது. அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் காணாமல் போய், முடிவை அடுத்த வீட்டுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் எத்தனை பேர்! அன்றைக்கும் வீட்டுப் பெரியவர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். தலையணை உறைக்குள் புத்தகத்தை ஒளித்து வைத்த பெண்கள்தான் இன்று அம்மாக்கள். அதனால் காதல் கதை படிப்பது புதிய வியாதி அல்ல. செத்தவன் அதற்குள் எப்படி வந்தான் என்பதுதான் கேள்வி.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஸோம்பி என்பது பேய் அல்ல. தமிழர் அறிந்த பேய்க்கு ஆசை உண்டு. நிறைவேறாத ஆசையோடு செத்ததால்தான் அது திரும்பி வருகிறது. உடம்பு கிடையாது, ஆவி உண்டு. மலாய்க்காரர்களின் பொந்தியானாக்குக்கும் கோபமும் வஞ்சமும் உண்டு. ஸோம்பி இதற்கு நேர்மாறு. உடம்பு இருக்கிறது, உள்ளே ஆள் இல்லை. ஆசை இல்லை, கோபம் இல்லை, தன் பெயர்கூட அதற்குத் தெரியாது.

இப்படி ஒரு கற்பனை எங்கே பிறந்தது? ஹாலிவுட்டில் அல்ல. ஒரு தோட்டத்தில்.

கரீபியன் கடலில் ஹைத்தி என்று ஒரு நாடு இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் அது கரும்புத் தோட்டங்களின் நாடு. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள் அங்கே வெட்டி, சுமந்து, காய்ச்சிச் செத்தார்கள். 1791-இல் கிளர்ச்சி செய்தார்கள். 1804-இல் விடுதலை பெற்றார்கள். அந்த மக்களிடையே வளர்ந்த பயம்தான் ஸோம்பி. செத்தால் விடுதலை என்று நினைத்தவனை மந்திரவாதி ஒருவன் குழியிலிருந்து எழுப்பி, மறுபடியும் வேலைக்கு அனுப்பிவிடுவான் என்ற பயம். செத்த பிறகும் பெரட்டுக்கு நிற்க வேண்டும் என்றால், தோட்டத்து மனிதனுக்கு அதைவிடப் பெரிய நரகம் உண்டா?

1915 முதல் 1934 வரை ஹைத்தி அமெரிக்காவின் பிடியில் இருந்தது. அந்தக் காலத்தில் அங்கே போன வில்லியம் சீப்ரூக் என்ற அமெரிக்கர் 1929-இல் ஒரு பயண நூல் வெளியிட்டார். ஸோம்பி என்ற சொல் ஆங்கில வாசகர்களிடையே பரவியதற்கு அந்த நூல் பெரிய காரணம். அதில் அவர் கேட்டு எழுதிய கதை ஒன்று வருகிறது. அமெரிக்கச் சர்க்கரை நிறுவனம் ஒன்றின் கரும்புக் காட்டுக்கு ஒருவன் ஆட்களைக் கூட்டி வருகிறான். தமிழில் சொன்னால் கங்காணி. அவன் கூட்டி வந்தவர்கள் யாரும் பேசுவதில்லை, நிமிர்ந்து பார்ப்பதில்லை. அத்தனை பேரின் கூலியையும் அவனே வாங்கிக்கொள்கிறான். (மலாயாவில் கங்காணிக்கு ஆள் கணக்கில் கிடைத்த தலைக்காசு இங்கே நினைவுக்கு வந்தால் தவறில்லை.) அந்த ஆட்களுக்குப் போடும் சாப்பாட்டில் உப்பு சேர்க்கக் கூடாது. உப்பு நாக்கில் பட்டால் தாங்கள் யார், தங்களுக்கு என்ன நடந்தது என்று தெரிந்துவிடும்.

ஒரு திருநாளன்று கங்காணியின் மனைவிக்கு அவர்கள்மேல் இரக்கம் வருகிறது. கடையில் இனிப்பு வாங்கிக் கொடுக்கிறாள். அந்த இனிப்பில் இருந்த பருப்பு உப்புப் போட்டது. அவ்வளவுதான். அவர்கள் அலறிக்கொண்டு எழுந்து, திரும்பிப் பார்க்காமல் தங்கள் மலைக் கிராமத்தை நோக்கி நடக்கிறார்கள். ஊரில் உறவினர்கள் அடையாளம் கண்டு கூப்பிடுகிறார்கள். அவர்கள் நிற்கவில்லை. நேராகத் தங்கள் குழிகளுக்குப் போய் விழுந்துவிடுகிறார்கள்.

"சோத்துல உப்புப் போட்டுத்தானே சாப்பிடுற?" என்று ரோசம் இல்லாதவனைப் பார்த்துத் தமிழர் கேட்பது வழக்கம். ஹைத்திக்காரர்களும் தமிழர்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் உப்புக்கு இருவரும் கொடுத்த பொருள் ஒன்று.

சீப்ரூக் நூல் வந்த அடுத்த ஆண்டு, 1930-இல், பிரான்சின் உயர்ந்த இலக்கியப் பரிசான கோன்கூர் பரிசு மலாயாவைப் பற்றிய ஒரு நாவலுக்குக் கிடைத்தது. எழுதியவர் ஹென்றி ஃபோகோனியே. அவர் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டத் துரை. இந்நாட்டில் வணிக முறையில் செம்பனை முதன்முதலில் பயிரிடப்பட்டது 1917-இல், பத்தாங் பெர்ஜுந்தை அருகே அவருடைய தென்னமரம் தோட்டத்தில்தான். (அந்த ஊருக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர்.) தோட்டத்தின் பெயரே தமிழ். துரை எழுதிய மலாயாவை உலகம் படித்தது. பெரட்டில் நின்றவர்களின் கதையை உலகம் படிக்க வெகுகாலம் பிடித்தது.

இனி காதலுக்கு வரலாம். ஸோம்பியை வைத்து எடுத்த முதல் முழுநீளத் திரைப்படமாகக் கருதப்படும் 'ஒயிட் ஸோம்பி' 1932-இல் வந்தது. அதுவே ஒரு காதல் கதை. தோட்டக்காரன் ஒருவன் இன்னொருவனுக்கு நிச்சயமான பெண்ணை விரும்புகிறான். மந்திரவாதியைப் பிடித்து அவளை ஸோம்பி ஆக்கிவிடுகிறான். அவள் இப்போது அவன் வீட்டில் இருக்கிறாள், பியானோ வாசிக்கிறாள். ஆனால் கண்ணில் ஒன்றுமில்லை. கேட்டது இதுவல்ல என்று அவன் உடைந்துபோகிறான். அதே மந்திரவாதியின் சர்க்கரை ஆலையில் செத்தவர்கள் செக்கு சுற்றுகிறார்கள். ஒருவன் இயந்திரத்துக்குள் விழுகிறான். மற்றவர்கள் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஆளை வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வதும், பெண்ணை உடம்புக்கு மட்டும் வைத்துக்கொள்வதும் ஒரே குற்றம்தான் என்று அந்தப் பழைய படம் சொல்லாமல் சொல்லிவிட்டது. பிறகு வந்த பல படங்கள் இவ்வளவு தூரம் போகவில்லை.

1968-இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த படம் எல்லாவற்றையும் மாற்றியது. மந்திரவாதி போய்விட்டான், தோட்டமும் போய்விட்டது. செத்தவர்கள் மனிதரைத் தின்னும் கூட்டமாக வந்து வீட்டைச் சூழ்ந்தார்கள். அந்தப் படத்தின் முடிவை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். இரவு முழுக்கப் போராடி உயிர் தப்பியவன் ஒரு கறுப்பின இளைஞன். காலையில் துப்பாக்கியோடு வந்த கூட்டம் அவனையும் செத்தவர்களில் ஒருவன் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறது.

இன்று இளையோர் படிக்கும் தொடர்கள் ரொமேரோவின் பிள்ளைகள். மலேசியாவிலும் மாமாட் காலிட் 2007-இல் 'ஸோம்பி கம்போங் பீசாங்' என்று சிரிக்கச் சிரிக்க ஒரு படம் எடுத்தார். தமிழில் 2016-இல் 'மிருதன்' வந்தது. அதில் ஒரு மருத்துவர்மேல் காதல் கொண்ட போக்குவரத்துக் காவலர்தான் கதாநாயகன்.

ஆனால் காதல் தொடர் என்றால் அமெரிக்க எழுத்தாளர் ஐசக் மேரியனைச் சொல்லாமல் முடியாது. 2010-இல் அவருடைய 'வார்ம் பாடீஸ்' வெளிவந்தது. 2013-இல் படமானது. பிறகு முன்கதை ஒன்றும் தொடர்ச்சிகள் இரண்டுமாகக் கதை நீண்டது. நாயகன் செத்தவன். கைவிடப்பட்ட விமான நிலையத்தில் நிற்கும் விமானம்தான் அவன் வீடு. தன் பெயரில் முதல் எழுத்து மட்டும் அவனுக்கு நினைவிருக்கிறது. உயிரோடிருக்கும் ஜூலி என்ற பெண்ணைக் கொல்லாமல் காப்பாற்றிக் கூட்டி வருகிறான். அவளோடு பேச முயல்கிறான். ஒரு சொல், பிறகு இரண்டு சொல். மெல்ல மெல்ல அவன் மாறுகிறான். ரோமியோ ஜூலியட் கதையின் சாயல் தெரியும்படிதான் ஆசிரியர் எழுதியிருக்கிறார்.

ஹைத்திக் கதையில் உப்பு செய்த வேலையை இங்கே காதல் செய்கிறது. ஒரே ஒரு வேறுபாடு. அங்கே விழித்தவனுக்குப் போவதற்குக் குழிதான் இருந்தது. இங்கே விழித்தவன் ஒருத்தியின் பக்கத்தில் உட்கார முடிகிறது.

இதைப் படிக்க ஒரு பெண்பிள்ளைக்கு ஏன் பிடிக்கிறது என்று பெற்றோர் கேட்கலாம். ஒரு காரணம் மிக எளிமையானது. உலகம் அழிந்துபோனால் யாரும் சாதி கேட்பதில்லை. ஜாதகம் பார்ப்பதில்லை. மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டை யாரும் வாங்கிப் பார்ப்பதில்லை. மண்டப வாடகை இல்லை. ஒருவன் நம்பத் தகுந்தவனா, ஆபத்தில் விட்டுவிட்டு ஓடுவானா, இது மட்டும்தான் கேள்வி. கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அப்படி ஓர் உலகம் எவ்வளவு நிம்மதி!

இன்னொரு காரணம் ஆழமானது. தெரிந்த முகம், ஆனால் உள்ளே ஆள் இல்லை என்ற நிலை தோட்டத்துப் பெண்களுக்குக் கற்பனை அல்ல. ஜப்பானியர் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தபோது தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் போனார்கள். பலர் திரும்பவில்லை. செத்துவிட்டான் என்று தாலியைக் கழற்றியவர்கள் உண்டு, வேறு துணை தேடிக்கொண்டவர்களும் உண்டு. போர் முடிந்த பிறகு சிலர் வந்து வாசலில் நின்றார்கள். எலும்பும் தோலுமாக, காய்ச்சலில் கண் உள்வாங்கி, கூப்பிட்டால் பதில் வராமல். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியவில்லை என்று முதியவர்கள் சொல்லக் கேட்ட குடும்பங்கள் இந்நாட்டில் பல. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவலே எழுதினார். சயாம் வரை போக வேண்டாம். கள்ளுக்கடையும் சம்சுவும் கொண்டுபோன கணவர்கள் இரவில் எப்படி வீடு திரும்பினார்கள் என்பதை அந்த மனைவிகளைக் கேட்டால் சொல்வார்கள். அவன் முகத்தைப் பார்த்து, 'உள்ளே இருக்கிறானா, இன்னும் திரும்ப வருவானா' என்று காத்திருந்தவர்களுக்கு ஐசக் மேரியன் எழுதியதில் புதிதாக ஒன்றுமில்லை.

குறையையும் சொல்லிவிட வேண்டும். ஸோம்பி காதல் தொடர்களில் பல மட்டமானவை. முரட்டு நாயகன், பயந்த நாயகி, சுற்றிலும் வேலி, வேலிக்கு வெளியே பெயரில்லாத கூட்டம். வேலிக்குள் இரண்டு பேர் முத்தமிட, வெளியே ஆயிரம் பேரைச் சுட்டுத் தள்ளுகிறார்கள். பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை இதேதான். பதின்மூன்று வயதுப் பிள்ளை கையில் இருந்தால் பெற்றோர் எடுத்துப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் ரத்தத்தைவிட அந்தக் கூட்டம்தான் அதிகம் கவலை தரவேண்டியது. பெயர் இல்லாமல், முகம் இல்லாமல், எண்ணிக்கையாக மட்டும் வருகிறது. கொள்ளுத்தாத்தாவின் பெயர் ஒருகாலத்தில் செக்ரோல் புத்தகத்தில் ஒரு வரியாக மட்டும் இருந்தது என்று அறிந்த பெண் அந்தப் பக்கங்களை எப்படிப் படிப்பாள்? இன்று அதே கோல சிலாங்கூர்ச் செம்பனைக் காடுகளில் குலை வெட்டுபவர்கள் இந்தோனேசியர், வங்காளதேசிகள், நேப்பாளிகள். சாயங்காலம் கடைத்தெருவில் அவர்கள் சேர்ந்து வந்தால், 'கூட்டம் கூட்டமா வந்துட்டாங்க' என்று சொல்பவர்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு.

மேரியனின் தொடர் இந்த விஷயத்தில் மற்றவற்றைவிட மேல். அவன் தன் பெயரைத் தேடுகிறான். அவன் ஒருவனோடு மாற்றம் நிற்பதுமில்லை. அவனைப் பார்த்து மற்றச் செத்தவர்களும் அசைகிறார்கள், பேச முயல்கிறார்கள். கூட்டத்துக்கு முகம் வரத் தொடங்குகிறது.

பேருந்து இப்போது கோல சிலாங்கூரைத் தாண்டியிருக்கும். அம்மா இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார். ஆனால் கதை என்றால் அவருக்கும் ஆசைதான். "அவன் கடைசியில பொழைச்சானா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். கிள்ளான் வருவதற்குள் மகளால் முழுக்கச் சொல்லி முடிக்க முடியாது. கடைசிப் பாகத்தை அவள் இன்னும் படிக்கவில்லை.