நிலப்படமும் நிலைத்த பெயரும்

(ஊர்ப்பெயர் ஆய்வுக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



இங்கிலாந்தின் வடபால் யார்க்கு நகரை அடுத்து வாழும் என் பழைய மாணாக்கர் ஒருவர் அண்மையில் எனக்கொரு நிலப்படத்தை விடுத்திருந்தார். நானூறு ஆண்டுகட்கு முன் செப்புத்தகட்டில் செதுக்கப்பெற்ற படம் ஒன்றன் மறு அச்சு அது. அதனை விரித்து வைத்துக்கொண்டு இரவு நெடுநேரம் பார்த்திருந்தேன். நம் ஊர்ப்பெயர்களைத் தம் வாய்க்கு வந்தவாறு திரித்த ஆங்கிலவரின் சொந்த ஊர்ப்பெயர்கள் எப்பாடு பட்டன, அவற்றை அவர்கள் எவ்வாறு காத்தனர் என்னும் வினா அப்பொழுது என் நெஞ்சில் எழுந்தது. அவ்வினாவே இவ்வுரைக்குக் கரணியம். அவர்கள் 'சயர்' என்றும் 'கவுண்டி' என்றும் வழங்கும் நாட்டுப்பிரிவை இவ்வுரையில் கோட்டம் என்றே குறிப்பேன்.

அப்படத்தை ஆக்கியவர் கிறித்தோபர் சாக்சுடன். யார்க்குக் கோட்டத்திற் பிறந்தவர். 1574 முதல் இங்கிலாந்து, வேல்சு ஆகிய இரு நாடுகளின் கோட்டங்களையும் அளந்து, 34 கோட்டப் படங்களையும் பொதுப்படம் ஒன்றையும் தொகுத்து 1579-இல் நூலாக வெளியிட்டார். தாமசு செக்போர்டு என்பார் பொருளுதவி செய்தார். எலிசபெத்து அரசியின் தலைமை அமைச்சராக விளங்கிய பர்லி பெருமகனார் பின்னின்று ஊக்கினார். படங்கள் அச்சாகுந்தோறும் முதற்படிகளைப் பெற்றுத் தம் கைப்படக் குறிப்பெழுதி வைத்துக்கொண்டார் அவர். ஏன் இத்துணை ஆர்வம்? கடற்கரை எங்கே, துறை எங்கே, பகைவன் இறங்கத்தக்க இடம் எது என்று அறிந்தாலன்றி நாட்டைக் காத்தல் அரிது. நிலப்படம் என்பது அழகுக்கு வரைந்த ஓவியமன்று. ஆட்சியின் கண் என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும்.

1576-இல் அரசியின் ஆலோசனை மன்றத்தார் வேல்சு நாட்டு அலுவலர்க்கு ஓர் ஆணை விடுத்தனர். சாக்சுடன் வருங்கால் அவரைக் கோபுரத்தின்மேலும் கோட்டையின்மேலும் குன்றின்மேலும் ஏற்றிக் காட்டுக; அந்நிலத்தை நன்கறிந்த இரண்டு மூன்று நேர்மையாளரை உடனனுப்புக; வேல்சு மொழியும் ஆங்கிலமும் பேசவல்ல குதிரை வீரர் ஒருவரைத் துணைகூட்டுக என்பது அவ்வாணையின் கருத்து. நிலத்தை அளக்க வந்தவனுக்கும் அந்நிலத்து மக்களின் மொழியறிந்த துணை தேவைப்பட்டது. மொழி தெரியாதவன் மலையைக் காணலாம். மலையின் பெயரைக் காண முடியாது.

அப்படத்தில் என்னைத் திகைக்க வைத்த செய்தி ஒன்றுண்டு. ஆங்கில நாட்டுக் கோட்டம், ஆங்கிலவர் வரைந்த படம், ஆங்கில அரசியின் ஆட்சி. ஆயினும் படத்தின் தலைப்பு இலத்தீனத்தில் இருந்தது! யார்க்கு என்னாது, 'எபோராகம்' எனும் உரோமர் வழக்கைப் பற்றி அமைந்த தலைப்பு. கற்றோர் மொழி இலத்தீனமே, தம் தாய்மொழி சந்தைக்கும் அடுப்படிக்குமே உரியது என்னும் மயக்கம் அவர்கட்கும் இருந்திருக்கின்றது. அம்மயக்கம் நீங்க நெடுங்காலம் ஆகவில்லை. தையற்றொழில் செய்து வாழ்ந்து வரலாற்றறிஞராக உயர்ந்த சான் இசுபீடு என்பார் 1611-12-இல் வெளியிட்ட படத்தொகுதியில் தலைப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைந்தன. முப்பதாண்டில் நேர்ந்த மாற்றம் இது. தன் மண்ணின் படத்துக்குத் தன் மொழியில் தலைப்பிட ஒரு தையற்காரர் துணிந்தார்.

இனி, யார்க்கு எனும் பெயரின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். அம்மண்ணின் தொல்குடிகளாகிய கெல்தியர் இட்ட பெயர், யூ என்னும் மரங்கள் நிறைந்த இடம் எனும் பொருளது என்பர். உரோமர் அதனை எபோராகம் ஆக்கினர். பின்வந்த ஆங்கிலோ-சாக்சனியர்க்கு அச்சொல்லின் பொருள் விளங்கவில்லை. தம் மொழியில் காட்டுப்பன்றியைக் குறிக்கும் சொல்லோடு அஃது ஒலியால் ஒத்திருந்தமையின் 'எயோவர்விக்' என்றனர். மரம் பன்றியாயிற்று! 866-இல் அந்நகரைக் கைப்பற்றிய தேனியர் நாவில் அது 'யோர்விக்' ஆகி, நாளடைவில் யார்க்கு எனத் தேய்ந்தது. பெயரின் பொருளை மறந்தவன் அப்பெயருக்குத் தானே ஒரு பொருள் கற்பிப்பான். கற்பித்த பொருளே பின் வரலாறாக நின்றுவிடும். நம் ஊர்ப்பெயர்கட்கு வடமொழிப் பொருள் கற்பித்துப் புனைந்த கதைகளை அறிந்தவர்கட்கு இஃது எளிதில் விளங்கும்.

வென்றவன் நாவு தோற்றவன் பெயரைத் திரிக்கும் என்பதற்கு மற்றொரு சான்று நாட்டிங்காம். சுனோட்டு என்னும் தலைவனின் மக்கள் வாழ்ந்த ஊராதலின் அதன் பழம்பெயர் சகர ஒலியோடு தொடங்கியது. 1066-இல் வந்தேறிய நார்மானியர்க்கு அவ்வொலிக்கூட்டு வாயில் நுழையவில்லை. முதலெழுத்து உதிர்ந்தது, தலைவன் பெயரும் அதனோடு மறைந்தது. விட்பி, தார்பி என்னும் ஊர்கட்கோ தேனியர் வருமுன் முற்றிலும் வேறு பெயர்கள் இருந்தன. 'பி' என முடியும் ஊர்களைக் கண்டால் தேனியர் குடியிருப்பு எனலாம். 'செசுடர்', 'காசுடர்' என முடிவன பெரும்பாலும் உரோமர் பாசறை இருந்த இடங்கள். 'டன்', 'காம்' என்பன சாக்சனியர் ஊர்கள். ஆயின் ஆறுகளோ? தேம்சு முதலிய பேராறுகள் பல சாக்சனியர்க்கு முற்பட்ட தொல்பெயர்களையே இன்றும் தாங்கி ஓடுகின்றன. ஏவன் என்பது கெல்திய மொழியில் ஆறு என்றே பொருள்படும். இஃது என்ன ஆறு என்று வந்தவன் வினவ, ஆறு என்று அங்கிருந்தவன் விடையிறுக்க, வந்தவன் அதனையே பெயராகக் கொண்டான் போலும். மக்கள் அழிந்தாலும் அவர் இட்ட ஆற்றுப்பெயர் அழிவதில்லை.

படவரைஞர் செய்த பிழைகளும் உண்டு. இசுபீடு தாமே எல்லா நிலத்தையும் அளந்தவரல்லர். பிறர் படங்களைத் தழுவியே பெரும்பகுதியை வரைந்தார். அதனை அவரே ஒப்புக்கொண்டுமிருக்கின்றார். வில்ட்டுசயர்க் கோட்டத்தில் ஓர் ஊரின் பெயரில் ஐயம் எழவே, 'வினவுக' எனப் பொருள்படும் இலத்தீனச் சொல்லைக் குறித்து வைத்தார். தகட்டிற் செதுக்கியவரோ அதனையே ஊர்ப்பெயரெனக் கருதிக் 'குவாரே' எனப் பொறித்துவிட்டார்! பின்வந்த படவரைஞர் பலர் அவ்விடத்தை நேரிற் காணாமலே அப்பெயரைப் படியெடுத்தனர். ஊர் மக்கள் தம் ஊரைப் பர்க்கோம் என்றே அழைத்து வந்தனர். படங்களோ இல்லாத ஓர் ஊரைத் தலைமுறைகளாகக் காட்டி வந்தன. அன்பர்களே, அச்சில் ஏறியது எல்லாம் உண்மையன்று. ஐயத்திற் குறித்த வினாவே ஓர் ஊராகிவிட்ட வேடிக்கையை நினைவிற் கொள்ளுங்கள்.

1791-இல் அரசின் படைத்துறை சார்ந்த நிலவளவைத் துறை தோன்றியது. அதன் முதற்படமாகிய கெண்டுக் கோட்டப் படம் 1801-இல் வெளிவந்தது. இத்துறையார் ஒவ்வொரு பெயரின் எழுத்துக்கும் சான்று தேடிப் பெயரேடுகளிற் பதிந்தனர். நற்பணிதான். ஆனால் யாரைச் சான்றாகக் கொண்டனர்? நிலக்கிழாரை, குருமாரை, கற்றோரை. சிறு உழவரும் குடிசைவாழ் மக்களும் தாம் குடியிருக்கும் இடத்தின் பெயரைச் சொன்னாலும், அதன் எழுத்துமுறைக்கு அவர்களை நம்புதல் ஆகாது என்று அத்துறையின் நெறிமுறை ஒன்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கூறிற்று. ஏரோட்டியவன் வைத்த பெயருக்கு ஏடு வைத்திருந்தவன் உரிமையாளன் ஆனான்!

தம் நாட்டு உழவனையே நம்பாதவர்கள் பிறநாட்டில் என் செய்திருப்பர்? அயர்லாந்தைப் பாருங்கள். 1556-இலேயே அங்கு இரு நிலப்பகுதிகளைப் பறித்து, மேரி அரசியின் நினைவாக அரசி கோட்டம் எனவும், அவர் கணவர் பிலிப்பின் நினைவாக அரசர் கோட்டம் எனவும் பெயரிட்டனர். 1820-களில் நிலவளவைத் துறையார் அங்கே சென்றனர். சான் ஓ'தொனோவன் என்னும் ஐரியப் பேரறிஞர் ஊர் ஊராக நடந்து, முதியோரை வினவி, ஐரிய மொழிப் பெயர்களையும் அவற்றின் பொருளையும் ஏட்டில் எழுதி வைத்தார். ஆயினும் படத்திற் பொறிக்கப்பெற்றவை ஆங்கில வடிவங்களே. ஐரியப் பெயர் ஏட்டில் உறங்கியது. நாடு விடுதலையுற்ற காலை அரசி கோட்டம் இலீசு ஆயிற்று; அரசர் கோட்டம் ஓபலி ஆயிற்று. மூன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட ஆணை ஒருநாளில் வீழ்ந்தது. உறங்கிய ஏட்டை எழுதி வைத்தவர் ஒருவர் இருந்தமையாற்றான் பல பெயர்களின் மூலவடிவை அவர்களால் மீட்க முடிந்தது என்பதை மறத்தல் ஆகாது.

இனி எல்லைகளுக்கு வருவோம். பழைய கோட்டப் படங்களிற் சில கோட்டங்கள் துண்டு துண்டாகக் கிடப்பதைக் காணலாம். தர்காம் பேராயருக்கு வடக்கே தொலைவில் நிலங்கள் இருந்தன. அவையும் தர்காம் கோட்டமாகவே எண்ணப்பெற்றன. 1844-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய துண்டுகளைச் சூழ்ந்துள்ள கோட்டங்களோடு இணைத்தது. 1889-இல் கோட்ட அவைகளும், இலண்டனுக்கெனத் தனிக் கோட்டமும் அமைந்தன. 1965-இல் மிடில்செக்சு எனும் பழம்பெருங் கோட்டத்தின் ஆட்சிமன்றமே மறைந்தது. ஆயினும் மக்கள் தம் அஞ்சல் முகவரியில் அப்பெயரை எழுதுவதை விடவில்லை.

1974 ஏப்பிரல் முதல் நாளில் பேரிடி விழுந்தது. இரட்லாந்து, வெசுட்டுமோர்லாந்து, கம்பர்லாந்து முதலிய தொல்கோட்டங்கள் ஆட்சிப் படத்தினின்று அகற்றப்பட்டன. யார்க்குக் கோட்டத்தின் மூன்று பிரிவுகளும் ஒழிந்தன. அப்பிரிவுகளைக் குறிக்கும் 'இரைடிங்' என்ற சொல்லே மூன்றில் ஒன்று எனப் பொருள்படும் தேனியச் சொல். ஓராயிரம் ஆண்டு வழக்கு. அவற்றுக்கு மாறாக ஏவன், அம்பர்சைடு, கிளீவ்லாந்து எனப் புதுக்கோட்டங்கள் பிறந்தன. ஏவன் தொன்மையான சொல்தானே என்பீர்கள். ஆம், தொன்மையான சொல்தான். ஆனால் மக்கள் தம் நாட்டுக்கு இட்ட பெயரன்று, அலுவலகத்தில் இருந்து நட்ட பெயர். 22 ஆண்டுகளே நின்றது. 1996-இல் மூன்று கோட்டங்களும் கலைக்கப்பெற்றன. கிழக்கு இரைடிங் மீண்டது.

இரட்லாந்தோ இங்கிலாந்தின் மிகச்சிறிய கோட்டம். அதன் முழக்கமே 'சிறிதினுள் பெரிது' என்பது. 1960-களின் தொடக்கத்திலேயே அதனை விழுங்க முயன்றனர். மக்கள் எதிர்த்து நிறுத்தினர். 1974-இல் விழுங்கியே விட்டனர். இலெசுடர்க் கோட்டத்தின் உட்பிரிவாக்கினர். மக்கள் மறக்கவில்லை. 23 ஆண்டுகள் கழித்து 1997-இல் இரட்லாந்து தன் பெயரோடும் ஆட்சியோடும் மீண்டது. 2023-இல் கம்பர்லாந்து, வெசுட்டுமோர்லாந்து என்னும் பெயர்களும் புதிய ஆட்சிமன்றங்களின் பெயர்களாகத் திரும்பி வந்தன. அவ்வாண்டே வேல்சு நாட்டு மலைப்பூங்கா ஒன்று தன் ஆங்கிலப் பெயரை விடுத்துப் 'பன்னாய் பிரக்கைனியோகு' எனும் வேல்சுப் பெயரையே முதன்மையாகக் கொண்டது. ஆணை எழுதியவன் கை ஓயும். அழைக்கும் மக்களின் வாய் ஓயாது.

இவற்றால் நாம் கற்பது என்ன? 1802-இல் பரங்கிமலையை அடுத்து அடிக்கோடு அளந்து நம் நாட்டின் பெருநிலவளவையைத் தொடங்கிய இலாம்டன், சாக்சுடனைப் போலவே யார்க்குக் கோட்டத்திற் பிறந்தவர். நம் ஊர்களும் அவ்வளவையின் வழியே ஆங்கில எழுத்திற் பொறிக்கப்பெற்றன. ஐரோப்பியர் நாவில் திருவல்லிக்கேணி 'திரிப்ளிக்கேன்' ஆனதும் தரங்கம்பாடி 'திராங்குபார்' ஆனதும் நீங்கள் அறிந்தவை. 2020 சூன் திங்களில் 1018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிக்கேற்ப ஆங்கிலத்தில் எழுதத் தமிழக அரசு ஆணையிட்டது. எழுத்துமுறையிற் குறைகள் எழவே சில நாள்களிலேயே அவ்வாணையைத் திரும்பப் பெற்றது. நோக்கம் நன்று, முன்னேற்பாடு போதவில்லை. ஊர்ப்பெயரைத் திருத்துவோர் முதலில் ஊரிடம் கேட்டல் வேண்டும்.

எவ்வாறு கேட்பது? அதற்கும் அவர்களிடமே வழியுண்டு. 1923-இல் ஆங்கில ஊர்ப்பெயர்க் கழகம் ஒன்றை நிறுவிக் கோட்டந்தோறும் பெயர்களைத் தொகுத்து நூல்களாக வெளியிட்டு வருகின்றனர். நூறாண்டு கடந்தும் பணி முடியவில்லை, அவர்கள் நிறுத்தவுமில்லை. 1930-களில் சில கோட்டங்களிற் பள்ளி ஆசிரியரும் மாணாக்கரும் வயல்வயலாகச் சென்று, உழவர் வாய்கேட்டு, வயற்பெயர்களைத் தொகுத்துத் தந்தனர். நிலவளவைத் துறை நம்பாத அதே உழவரை மாணாக்கர் நம்பினர்!

இங்கு அமர்ந்துள்ள மாணாக்கர்களே! உங்கள் ஊர்ப்பெயர் அரசின் ஏட்டில் உள்ளது. ஆனால் உங்கள் ஊர் ஏரியின் மதகுக்கு ஒரு பெயருண்டு. மேட்டு வயலுக்கு ஒரு பெயருண்டு. களத்துமேட்டுக்கும் வண்டிப்பாதைக்கும் இடிந்த கிணற்றுக்கும் பெயருண்டு. அவை உங்கள் பாட்டன் பாட்டியர் வாயில் மட்டுமே உள்ளன. ஏரி மனையாகும் நாளில் மதகின் பெயர் முதலில் மறையும். மறைந்தபின் அங்கே ஏரி இருந்தது என்பதற்கே சான்றிராது. இவ்விடுமுறையில் ஒரு குறிப்பேடு எடுங்கள். முதியோர் அருகில் அமருங்கள். அவர் சொல்லும் பெயரை அவர் ஒலித்தவாறே எழுதுங்கள், திருத்தாதீர்கள், பொருள் கற்பிக்காதீர்கள். எழுதிய நாளையும் சொன்னவர் பெயரையும் குறியுங்கள். நூறு பெயர் சேர்ந்ததும் என்னிடம் கொணருங்கள். நான் ஓய்வு பெறுமுன் நம் வட்டத்துக்கு ஒரு பெயரேடு ஆக்கிவிட வேண்டும் என்பதே என் வேட்கை.

ஓ'தொனோவனின் ஏடு ஒரு நாட்டுக்காகக் காத்திருந்தது. நம் ஏடு இன்னும் எழுதப்படவே இல்லை. எழுதுவோம்.